அறிவுரைக்கு முன்னால் ஆலோசகர் பழக வேண்டியவை: வாசகர் கேள்வி-பதில்

மது மறுவாழ்வு மையங்கள், அரசு மருத்துவமனைகள், பனியன் கம்பெனிகள் எனப் பல இடங்களில் பணிபுரியும் கொங்குப் பகுதி ஆலோசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மாற வேண்டும் என்ற எண்ணமும் மாறத் தயக்கமும் ஒருசேர உள்ள ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதும், அப்படிப் பேச ஓர் ஆலோசகரை எப்படிப் பழக்குவது என்பதும் இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கின்றன. இந்தப் பேச்சு முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். தமிழில் ஊக்க நேர்காணல் என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிப்பழக்கம் உள்ளவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இதை முதலில் விளக்கினார். பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் இதை நூலாக விரித்து எழுதினார்.

எங்கள் மையத்தில் அனைவரும் இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் பழையபடியே பேசிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி சரியில்லையா, நாங்கள் சரியில்லையா? (மறுவாழ்வு மைய ஆலோசகர், ஈரோடு)

இரண்டு நாள் பயிற்சியால் பேச்சுப் பழக்கம் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்புதான் சரியில்லை. மில்லரே தம் பயிலரங்கை இந்த விதத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார். 2001இல் வெளிவந்த அந்தச் சிறிய ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் தாங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய உரையாடல் பதிவுகளைக் கேட்டபோது மாற்றம் கொஞ்சமாகத்தான் தென்பட்டது, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சில் மாற்றமே இல்லை. 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில், போதைப்பழக்கச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த 140 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிலரங்கு மட்டும், மற்றக் குழுக்களுக்கு அதோடு பதிவுகளைக் கேட்டுச் சொல்லும் கருத்துரை, தொலைபேசி வழிப் பயிற்றுநர் உதவி, அல்லது இரண்டும் எனக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிலரங்கோடு நின்றவர்களின் திறன் நாளடைவில் தேய்ந்தது; தொடர்ந்து உதவி பெற்றவர்களிடம் நிலைத்தது. கருத்துரை, பயிற்றுநர் உதவி இரண்டையும் பெற்றவர்களின் பயனாளிகளிடம் மட்டுமே, மாறுவதற்கு ஆதரவான பேச்சு கூடியது.

ஆகவே, அடுத்த பயிலரங்குக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தையும் நேரத்தையும் இதற்குத் திருப்புங்கள். ஒவ்வொரு ஆலோசகரும் மாதம் ஒருமுறை, வந்திருப்பவரின் எழுத்து வழிச் சம்மதத்தோடு ஓர் உரையாடலைப் பதிவு செய்யட்டும். மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநலப் பாதிப்புகளையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. இரகசியம் காக்கப்படுவது சிகிச்சைக்கு வருபவர்களின் உரிமை. எனவே பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு அதில் ஏதாவது 20 நிமிடப் பகுதியை எடுத்து, சக ஆலோசகர் ஒருவர் இரண்டை மட்டும் எண்ணட்டும்: எத்தனை கேள்வி கேட்டீர்கள், வந்தவர் சொன்னதன் பொருளை எத்தனை முறை அவரிடமே திருப்பிச் சொன்னீர்கள் (இதைத்தான் பிரதிபலிப்பு என்கிறோம்). இந்த முறையை மதிப்பிடப் பயன்படும் அளவுகோலின்படி, ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்பது ஏற்கத்தக்க நிலை. ஒரு கேள்விக்கு இரண்டு என்பது நல்ல நிலை. முதல் பதிவில் பத்துக் கேள்விக்கு ஒரு பிரதிபலிப்புகூட இல்லாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். அந்தக் கணக்கு கண் முன்னால் இருக்கும்போது ஏற்படும் உந்துதலை எந்த விரிவுரையாலும் தர முடியாது. பதிவைக் கேட்பவர் குறை சொல்வதற்கு முன், எந்த இடத்தில் வந்தவர் மனம் திறந்தார் என்பதை முதலில் சுட்டிக் காட்டுவதும் முக்கியம். ஆலோசகரை அதட்டித் திருத்திவிட்டு, பயனாளியை அதட்டாதே என்று அவருக்குக் கற்பிக்க முடியாது.

பிரதிபலிப்புச் செய்தால், “அதைத்தானுங்க நானும் சொன்னேன்” என்று சலித்துக்கொள்கிறார்கள். கிளிப்பிள்ளை மாதிரி உணர்கிறேன். (பயிற்சி ஆலோசகர், பல்லடம்)

நீங்கள் சொற்களைத் திருப்பிச் சொல்கிறீர்கள். அவற்றின் அடியில் கிடப்பதை இன்னும் எடுக்கவில்லை. பயிற்சி வகுப்புக்காக நான் எழுதி வைத்திருக்கும் உரையாடல் ஒன்றைப் பாருங்கள். விசைத்தறி ஓட்டும் ஒருவர் சொல்கிறார்: “தறி ஓட்டறவனுக்கு ஒடம்பு வலி இல்லாம இருக்குமுங்களா அம்மிணி? ராத்திரி கொஞ்சம் போட்டாத்தான் தூக்கம் வருது. என்ன, பாப்பாதான் இப்பெல்லாம் பக்கத்துல வர்றதில்லைங்க.”

“உடம்பு வலிக்குது, அதனால குடிக்கறீங்க” என்று ஆலோசகர் சொன்னால் அது வெறும் எதிரொலி. அதோடு, மாறாமல் இருப்பதற்கான காரணத்தையே அவர் வலுப்படுத்தியும் விடுகிறார். “குடிச்சா பாப்பா எப்படிங்க பக்கத்துல வரும்?” என்று கேட்டால் அது குற்றச்சாட்டு, அந்தக் கணமே அவர் தம் குடிக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். “வலிக்கு அது ஒத்தாசையா இருக்குது. ஆனா பாப்பா தள்ளி நிக்கறது மனசை உறுத்துதுங்க” என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். “உறுத்தாதுங்களா? பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஓடியாந்து கழுத்தைக் கட்டிக்கிற புள்ளைங்க அது” என்று அவரே அடுத்த படி ஏறுவார். இங்கேதான் பயிற்சி பெறுபவர்களில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று எண்ணி, “அப்படின்னா விட்டுறலாமுங்களே” என்கிறார்கள். அவசரப்படாமல், “அது மறுபடியும் ஓடி வரோணும்னு ஆசையா இருக்குதுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். குடியை நிறுத்துவது பற்றிய முதல் வாக்கியம் அவர் வாயிலிருந்து வரட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “உறுத்துதுங்களா?” என்று குரல் ஏறி முடிந்தால் அது கேள்வியாகிவிடும், அவர் யோசித்து ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் தேட வேண்டியிருக்கும். “உறுத்துதுங்க” என்று குரல் இறங்கி முடிந்தால் பேச்சு தொடர்ந்து ஓடும். பயிற்சியில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பத்து நிமிடம் கேள்வியே கேட்காமல் பேசிப் பழகுங்கள். முதலில் மூச்சு முட்டும். பழகினால் காது கூர்மையாகும்.

ஒருவர் மாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்த பிறகுதான் பேசத் தொடங்க வேண்டுமா? (நாமக்கல்)

வேண்டியதில்லை. மாறுவதை யோசிக்காத நிலை, யோசிப்பது, தயாராவது, செயல்படுவது என்று போகும் கட்டங்கள் பற்றிய கோட்பாடு, புரோசாஸ்கா, டிக்ளமென்டே என்ற உளவியலாளர்கள் புகைப்பழக்கம் பற்றிய ஆய்வுகளிலிருந்து உருவாக்கிய தனிக் கோட்பாடு. ஒரே உரையாடலில் ஒருவர் பலமுறை முன்னும் பின்னும் போவார்; படிவத்தில் கட்டத்தைக் குறிப்பதைவிட இந்த நிமிடம் அவர் சொல்வதைக் கேட்பது பயன் தரும்.

நான் சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்கிறேன். ஒரு வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அதோடு, நம் பக்கத்தில் பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வதுதானே வழக்கம்? அறிவுரை சொல்லாமல் இருந்தால், இந்தப் புள்ளைக்கு ஒன்றும் தெரியாது போல என்று நினைக்கிறார்கள். (மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர், பொள்ளாச்சி)

அறிவுரையே கூடாது என்று இந்த முறை சொல்லவில்லை. கேட்டு, சொல்லி, மறுபடி கேட்பது என்ற வரிசையைத்தான் கற்றுத் தருகிறது. “சக்கரைக்குச் சாப்பாட்டுல என்ன செய்யோணும்னு உங்களுக்கே நெறையத் தெரிஞ்சிருக்குமுங்க அக்கா, என்னென்ன செஞ்சு பாத்தீங்க?” என்று முதலில் கேளுங்கள். அடுத்து, “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்குது, சொல்லட்டுங்களா?” என்று அனுமதி பெற்று, ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அதன்பின், “இது உங்க வீட்டுக்கு ஒத்து வருமுங்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும். பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பேசுவது நம் பக்கத்து மரியாதைக்கு உகந்ததே தவிர முரணானது அல்ல.

பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வோம் என்பதையும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நம் ஊரில் பலர் எதிரே இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுவார்கள். நீங்கள் திண்ணையை விட்டு இறங்கியதும் பழைய காப்பியில் பழைய சர்க்கரைதான் விழும். தலையாட்டலைச் சம்மதமாக எண்ணி ஆலோசகர் ஏமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். “நாளைக்குக் காத்தால என்ன செய்யலாம்னு இருக்கறீங்க?” என்ற கேள்விக்கு அவர் சொந்தச் சொற்களில் ஒரு பதில் வந்தால்தான் ஏதோ தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

அதட்டல் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்கும் சான்று உண்டு. மில்லரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்து வாதிட்டாரோ, அவ்வளவுக்கு அந்தப் பயனாளி ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அது அமெரிக்கா, நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். கோவாவில், மனநலத் துறைப் படிப்பு இல்லாத உள்ளூர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து, ஊக்க நேர்காணலை அடிப்படையாகக் கொண்ட ஆலோசனையை நான்கு அமர்வுகள் வரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தினார்கள். 377 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2017இல் வெளியானது. மூன்று மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேரும், இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். படிப்புச் சான்றிதழ் இல்லாத உங்களைப் போன்றவர்களால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை வேலைக்கு வராத தொழிலாளிகளை என்னிடம் அனுப்புகிறது நிர்வாகம். அவர்களுக்கு மாற்றத்துக்கான ஊக்கம் வரச் செய்ய வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட வேலை. (பனியன் கம்பெனி நல அலுவலர், திருப்பூர்)

உங்கள் நாற்காலி சிக்கலான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. நிர்வாகத்தின் தேவை வருகைப் பதிவேடு. தொழிலாளியின் தேவை வேறாக இருக்கலாம். அந்த வேறுபாட்டை மறைத்துக்கொண்டு இனிமையாகப் பேசி வேலையைச் சாதிப்பதற்கு இந்த முறையைப் பயன்படுத்தினால், அது நயமான வற்புறுத்தல் ஆகிவிடும். ஒருவருக்குத் தெரிந்தால் அந்த ஷிப்ட் முழுவதற்கும் தெரிந்துவிடும், பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். யார் அனுப்பினார்கள், எதை நீங்கள் நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும், எதைச் சொல்லவே மாட்டீர்கள் என்பதை முதல் இரண்டு நிமிடத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, “இதெல்லாம் போக, உங்களுக்குன்னு ஏதாவது பேசோணும்னு இருக்குதுங்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலை மதித்து அனுப்பிவிடுங்கள். அப்படி அனுப்பப்பட்டவர் பிறகு தாமாகவே வருவதற்கான வழி திறந்திருக்கும்.

‘பத்துக்கு எத்தனை’ என்று கேட்கும் அளவுகோல் கேள்வியால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. (பயிற்சியாளர் குழு, கோபிசெட்டிபாளையம்)

எண்ணை வாங்கியபின் நீங்கள் கேட்கும் அடுத்த கேள்வியில்தான் பயன் இருக்கிறது. “குடியைக் குறைக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?” என்பதற்கு அவர் நான்கு என்றால், “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்பவர்தான் அதிகம், அப்போது அவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அடுக்குவார். “ஒண்ணுமே இல்லைன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்களே, அது எதனாலங்க?” என்று கேளுங்கள்.

குடிப்பவரை அழைத்து வரும் மனைவியும் அம்மாவும் அவரைப் பேசவே விடுவதில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். (ஆலோசகர், சேலம்)

அவர்களுடைய கோபம் நியாயமானது. அதைக் கேட்க ஆளில்லாததால்தான் உங்கள் அறையில் கொட்டுகிறார்கள். அதற்காக அவர்களோடு சேர்ந்து நீங்களும் குற்றம் சாட்டும் மூன்றாவது ஆளாகிவிட்டால், அவருக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. “அக்கா, நீங்க பட்டதை நான் முழுசாக் கேக்கோணும், அதுக்குத் தனியா நேரம் வெச்சிருக்கறேனுங்க. இப்ப அண்ணங்கிட்டக் கொஞ்ச நேரம் பேசிக்கறேன்” என்று சொல்லி வெளியே அமர வைப்பதைப் பயிற்சியிலேயே நடித்துப் பழக வேண்டும்; இல்லாவிட்டால் மாமனார், சித்தப்பா என்று பெரியவர்கள் வரும்போது அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். வைத்திருப்பதாகச் சொன்ன நேரத்தை அந்த மனைவிக்குக் கட்டாயம் கொடுங்கள். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க அதைவிட வேறு வாய்ப்பு இல்லை. இருந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுத்து, அவரது பாதுகாப்பு பற்றித் தனியே பேச வேண்டும். அவருடைய கணவருக்கு ஊக்கம் வரும்வரை அது காத்திருக்கக் கூடாது.

எந்தச் சமயத்தில் இந்த முறையை ஓரமாக வைத்துவிட வேண்டும்? (கோவை)

இரண்டு சமயங்களைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவர், உங்கள் பேச்சால் உந்தப்பட்டு, “நாளையிலிருந்து சொட்டுக்கூடத் தொட மாட்டேன்” என்று சொன்னால் மகிழ்ந்து வழியனுப்பிவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது ஆகியவை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா என்று அப்போதே கேட்டு, மருத்துவரிடம் அனுப்பி, மருந்தோடு நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியும் நேரம். அங்கே வாழ்வதா வேண்டாமா என்று இரு பக்கத்தையும் எடைபோட வைப்பது தவறு. எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டார் அப்புறப்படுத்தச் செய்யுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. அதைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆலோசகரும் முதல் ஆளைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது என்ற விவரமும் அவர்கள் மேசையில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.