வாசகர் கேள்வி: செட்டிபாளையத்துக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?

சென்ற இதழில் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசை பற்றி நாலு வரி எழுதப்போக, வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

‘கம்பேஷன்’ ஆல்பத்தைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். பாட்டு எங்கேங்க இருக்குது? – வாசகர், திருப்பூர்

இருக்குதுங்க, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. ஜாஸில் பொதுவாக மெட்டை முதலில் ஒரு தரம் வாசித்துக் காட்டிவிடுவார்கள். அப்புறம் மெட்டைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு அடியில் ஓடிய கார்டு (சேர்ந்தாற்போல் ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) வரிசையை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன் மேல் அந்த நேரத்துக்குத் தோன்றுவதை வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்கு வந்து சேருவார்கள். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த காதுக்கு, மெட்டு மறைந்ததும் பாட்டே தொலைந்த மாதிரி இருக்கும். கச்சேரியில் நிரவலும் கற்பனை ஸ்வரமும் கேட்டுப் பழகியவர்கள் இவ்வளவு தடுமாற மாட்டார்கள்.

2024-இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் அது. பியானோ விஜய் ஐயர், பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியம் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. ஐயர் அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் தமிழர்கள். அதற்காகக் கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். நம்மாள் என்பதற்காகப் பிடிக்காத இசையைக் கேட்பது, மொய் வைத்தாயிற்றே என்று பசியில்லாமல் பந்தியில் உட்காருவது மாதிரி.

ஒன்று செய்யுங்கள். அந்த ஆல்பத்தில் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்டு’ பாட்டு இருக்கிறது. முதலில் அவர் பாடிய அசலைக் கேட்டு மெட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு இவர்கள் வாசிப்பதைப் போட்டு, பியானோவை மறந்துவிட்டு பேஸ் பின்னாலேயே போங்கள். எந்தச் சுற்றில் எங்கே நிற்கிறோம் என்பதற்குப் பெரும்பாலும் பேஸ்தான் அடையாளம். சோரி வெறுமனே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற டிரம்மர் இல்லை, இழுப்பார், தள்ளுவார், சில இடத்தில் கையை எடுத்தே விடுவார். ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றியது அதனாலாக இருக்கலாம். இந்த மூவரின் முந்தைய ஆல்பம் ‘அன்ஈஸி’, 2021. அதையும் இப்படியே கேட்கலாம்.

தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட். காதில் மாட்டிக்கொண்டு கேட்க நல்லதாக ஒன்று சொல்லுங்கள். – வாசகர், சோமனூர்

சொல்ல மாட்டேன். தறி ஓடுகிற சத்தத்தில் முதலில் காணாமல் போவது பேஸும், டிரம்ஸில் பிரஷ் வைத்து உரசுகிற அந்த மெல்லிய சத்தமும்தான். சினிமாப் பாட்டை மிக்ஸ் செய்யும்போது சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் பெரும்பாலும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள், அதனால் பஸ்ஸிலும் கேட்கும், தறியிலும் கேட்கும். சின்னக் குழு ஜாஸில் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவைப்பார்கள். அது கேட்க வேண்டுமென்று நீங்கள் வால்யூமை ஏற்ற, ஏற்கெனவே தறி தின்றுகொண்டிருக்கிற காது முழுசாகப் போய்விடும். பாவு தீர்ந்து தறி நிற்கும்போது கேளுங்கள். அப்போதைக்கு ‘டிஃபையன்ட் லைஃப்’, 2025. வாடாடா லியோ ஸ்மித்தின் டிரம்பெட், ஐயரின் பியானோ, இரண்டே பேர், அவசரமே இல்லை.

இந்த இசைக்கும் நம்ம பக்கத்துக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? இல்லை, நீங்களாக இழுத்து முடிச்சுப் போடுகிறீர்களா? – வாசகர், கோவை

இழுக்கவே வேண்டாம், போத்தனூர் தாண்டினால் போதும். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற அதே செட்டிபாளையத்தில் 1914-இல் ராமசாமிக் கவுண்டராகப் பிறந்தவர்தான் பிற்பாடு சுவாமி சச்சிதானந்தா. 1966-இல் அமெரிக்கா போனார், 1969 வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியது அவர்தான். 1967-இல் கணவரான ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இறந்தபின், அவர் மனைவியும் ஜாஸ் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன் இந்தச் சுவாமியிடம் வந்து சேர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் ஆலிஸின் ஆல்பம் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. தம்பூரா சுருதி, அதன் கீழே செசில் மெக்பீ பேஸில் விடாமல் சுற்றுகிற ஒரு சின்ன அடி, மேலே யாழ் மாதிரியான ஆலிஸின் ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸ் (சாக்ஸபோன்). அந்த பேஸ் அடி ஒரு தரம் காதில் ஏறிவிட்டால் மறுநாள் வரைக்கும் இறங்காது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதே 1971 பிப்ரவரியில், சுவாமியின் யோகா அமைப்புக்கு நிதி திரட்ட நியூயார்க் கார்னகி ஹாலில் ஆலிஸ் வாசித்த கச்சேரி 2024-இல்தான் முழு ஆல்பமாக வெளிவந்தது. இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், இரண்டு சாக்ஸ், கூடவே தம்பூராவும் ஆர்மோனியமும். சின்னக் குழு என்று சத்தியம் செய்ய முடியாது. முதல் பாதி ஹார்ப் வைத்து அமைதியாகப் போகும், அதை நம்பி ‘ஆஃப்ரிக்கா’ என்கிற உருப்படிக்குள் போனால் கூரை பறக்கும். வீட்டில் பெரியவர்கள் தூங்கும்போது வேண்டாம்.

தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’, அதுவும் 2024, இதே ஆலிஸின் இசையை எடுத்து விரிக்கிறது. சாக்ஸ் கலைஞர் இமானுவேல் வில்கின்ஸின் ‘ப்ளூஸ் ப்ளட்’ ஆல்பத்திலும் அவர் குரல் வருகிறது. என் கணக்கில் இந்த இரண்டில் முதலாவதுதான் ஒரு படி மேல், ஆனால் பொறுமை வேண்டும்.

சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத் மட்டும்தான். – வாசகர், பொள்ளாச்சி

அப்படியே இருங்கள், தப்பே இல்லை. அவரோடு சேர்ந்து ஜாஸ் சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா வாசித்த ‘கின்ஸ்மென்’ 2008-இல் வந்தது. இரண்டு சாக்ஸ், வயலின் வித்வான் ஏ. கன்னியாகுமரி அம்மாவின் வயலின். அங்கிருந்து மகந்தப்பாவின் ‘ஹீரோ ட்ரியோ’ 2020-க்கு ஒரே தாவு.

போனில் ஓசியில் கேட்கிறோமே, வாசிக்கிறவர்களுக்கு ஏதாவது போகுமா? – வாசகர், ஈரோடு

போகும், டீக்காசு அளவுக்குக்கூட இருக்காது. ஒன்று பிடித்துவிட்டால், கலைஞர்கள் தங்கள் ஆல்பங்களை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள், டிஜிட்டல் ஆல்பத்துக்கு அவர்கள் எடுப்பது பொதுவாக 15 சதவீதம்தான். சோரி தன் சொந்த ட்ரியோவோடு (மூவர் குழு) 2024-இல் கொண்டுவந்த ‘தி சஸெப்டிபிள் நௌ’ வாங்கத் தகுந்தது, நாலே நாலு நீளமான வாசிப்பு, பேஸ் ஹரீஷ் ராகவன். வாங்குவதற்கு முன் உங்கள் பேங்க் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை பேங்க் ஆப்பில் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் கட்டுகிற பக்கம் வரைக்கும் போய் நின்றுவிடும்.