கணினிக் கேள்வி பதில்: 20-இன் ஃபேக்டோரியல் ஏன் எதிர்மறையாகிறது?

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக சி மொழியில் ஒரு சிறிய லிஸ்ப் இன்டர்பிரட்டர் (லிஸ்ப் மொழி நிரல்களை இயக்கும் நிரல்) எழுதி வருகிறேன். ஒவ்வொரு மதிப்பையும் 64 பிட்டில் வைத்து, கடைசி 2 பிட்டுகளில் அதன் வகையைக் குறிக்கிறேன். 19-இன் ஃபேக்டோரியல் (1 முதல் 19 வரையுள்ள எண்களின் பெருக்கல்) சரியாக வருகிறது. 20-க்கு -2178784010250747904 என்று வருகிறது. அது 64 பிட்டில் அடங்கும் என்றுதானே படித்தோம்? மிகப் பெரிய எண்களைக் கணக்கிட உதவும் ஜிஎம்பி நூலகத்தைச் சேர்த்ததும் வீட்டிலுள்ள லினக்ஸில் சரியாகிவிட்டது. நாகர்கோவிலில் கல்லூரி ஆய்வகத்தின் விண்டோஸ் கணினியில் அதே நிரல் -2102132736 என்கிறது. ஏன்?
— பொறியியல் மாணவி, தக்கலை

பதில்: நீங்கள் படித்தது சரியே. 2432902008176640000 என்னும் அந்த விடை 64 பிட்டில் அடங்கும். ஆனால் வகைக்குறிக்கு 2 பிட்டுகளைக் கொடுத்துவிட்டதால் எண்ணுக்கு எஞ்சுவது 62 பிட்டுகளே. அவற்றில் முதல் பிட் எண் எதிர்மறையா என்பதைக் காட்டுவதால், கொள்ளும் மிகப்பெரிய எண் 2305843009213693951. வகைக்குறியைச் சேர்ப்பதற்காக எண்ணை 2 இடம் இடப்பக்கம் நகர்த்தும்போது மேலே இருந்த 2 பிட்டுகள் உதிர்ந்துபோகின்றன. திரும்ப வலப்பக்கம் நகர்த்தும்போது, எஞ்சியவற்றில் முதல் பிட் 1 ஆக இருப்பதால், விடை எதிர்மறையாகிறது. நீங்கள் பெற்ற எண்ணுடன் 2-இன் 62-ஆம் அடுக்கைக் கூட்டிப் பாருங்கள்; சரியான விடை அப்படியே கிடைக்கும்.

ஆகவே எண் 62 பிட்டில் அடங்குமா என்ற வரம்புச் சோதனை வகைக்குறி சேர்ப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். 21-க்குப் பெருக்கலே 64 பிட்டைத் தாண்டிவிடும். எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய (signed) முழு எண் ஓவர்ஃப்ளோ ஆனால், அதாவது தன் இடத்தில் அடங்காமல் போனால், என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தரவிதி வரையறுக்கவில்லை என்பதால், பெருக்கிய பிறகு நீங்கள் எழுதும் சோதனையைக் கம்பைலர் நீக்கிவிடவும் கூடும். ஜிசிசி கம்பைலர் தரும் பில்ட்டின்-மல்-ஓவர்ஃப்ளோ (__builtin_mul_overflow) இதற்கென்றே உள்ளது. அது ஓவர்ஃப்ளோ என்று சொன்னால் ஜிஎம்பிக்குச் செல்லுங்கள்.

விண்டோஸில் நேர்ந்தது வேறு. அங்கே 64 பிட் கணினியிலும் சி மொழியின் லாங் (long) என்னும் முழு எண் வகை 32 பிட்தான். ஜிஎம்பிக்குள் எண்ணை வைக்கும் எம்பிஇசட்-செட்-எஸ்ஐ (mpz_set_si) வாங்கிக்கொள்வதோ லாங். எனவே கீழ் 32 பிட்டுகள் மட்டுமே உள்ளே போயின. மேல் 32 பிட்டுகளை முதலில் வைத்து, 32 இடம் நகர்த்தி, கீழ்ப்பாதியை எதிர்மறையாகாத (unsigned) எண்ணாகக் கூட்டுங்கள்; ஜிஎம்பியின் எம்பிஇசட்-இம்போர்ட்டும் (mpz_import) உதவும். திரும்ப எடுக்கும்போதும் இதே கவனம் தேவை: எம்பிஇசட்-கெட்-எஸ்ஐ (mpz_get_si), எண் லாங்கில் அடங்காவிட்டால் பிழை சொல்லாமல் வெட்டித் தந்துவிடும். அடங்காதபோது லிஸ்ப் பக்கம் பிழை எழுப்புவதே நேர்மையான வழி. வரம்பின் உச்ச எண்ணைத் தந்து சமாளிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

லிஸ்ப் இன்டர்பிரட்டரைத் தன்னுள் கொண்ட ஈமேக்ஸ் என்னும் உரைத் தொகுப்பி 2020-இல் வெளிவந்த 27-ஆம் பதிப்பில் ஜிஎம்பியைக் கொண்டு பெரிய எண்களைச் சேர்த்தது. அதன் சி நிரலைப் படியுங்கள். 64 பிட் கணினிகளில் அதன் சிறிய எண்ணின் உச்சவரம்பும் உங்களுடையதேதான். ஜிஎம்பியில் கணக்கிட்ட விடை 62 பிட்டில் அடங்குமானால் அதை உடனே சிறிய எண்ணாக மாற்றிவிடுவதை அங்கே கவனியுங்கள். அவ்வாறு செய்யாவிட்டால் ஒரே எண் இரு வடிவங்களில் உலவி, இரண்டும் ஒன்றேதானா என்று பார்க்கும் லிஸ்பின் ஈக்யூ (eq) ஒப்பீடு பொய்க்கும்.

வரம்பு பார்ப்பதற்காக எண்ணை டபுளாக (double, தசம எண்களுக்கான வகை) மாற்றாதீர்கள். 9007199254740993 என்னும் எண்ணே அதில் 9007199254740992 ஆகிவிடுகிறது.