பூங்காவில் நிகழ்ச்சியா? ஸ்பீக்கருக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கலைக் குழு ஒரு பொதுப் பூங்காவில் ஒரே மாலையில் இசை, நாடகம், ஓவியக் காட்சி மூன்றையும் நடத்தப் போகிறது. அனுமதி கிடைத்துவிட்டது. 200 பேர் வரை வருவார்கள். போன முறை நாடக வசனம் பின்வரிசைக்கு எட்டவே இல்லை. பெரிய ஸ்பீக்கர் எடுத்தால் போதுமா? மேடையை எங்கே போடுவது?

பதில்: பெரிய ஸ்பீக்கர் உங்கள் சிக்கலைத் தீர்க்காது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், பின்வரிசை பழையபடி சிரமப்படும். அரங்கத்துக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். வெட்டவெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரைவிட 20 மீட்டரில் இருப்பவருக்கு 12 டெசிபல் குறைவாகக் கேட்கும். ஒலியைக் கூட்டினாலும் இந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். மரங்கள் சுவருக்குப் பதிலாக நின்று உதவும் என்றும் எண்ண வேண்டாம். இலைகளுக்குள் ஒலி சிதறிப் போகுமே தவிர, திரும்பி வராது.

ஆகவே முதல் வேலை, ஆட்களைக் கிட்டே கொண்டுவருவது. வரிசைக்குப் பத்து நாற்காலி என்று போட்டால் 200 பேருக்கு இருபது வரிசை. கடைசி ஆள் 20 மீட்டருக்கு அப்பால் போய்விடுவார். அதே 200 பேரை மேடையைச் சுற்றி அரைவட்டமாக உட்கார வைத்தால், நடைபாதை விட்டும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள். முன்னால் இருப்பவர்கள் தரையிலும் பின்னால் இருப்பவர்கள் நாற்காலியிலும் இருந்தால் மறைப்பும் இருக்காது. பூங்காவில் இயல்பான புல்சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மேடை கீழே, பார்வையாளர்கள் சரிவில் என்பதுதான் கிரேக்கர்களின் எபிடாரஸ் அரங்கத்திலிருந்து இன்றுவரை மாறாத ஏற்பாடு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலும் சிம்ஃபொனி ஏரிக்குள் மேடை இருக்க, ரசிகர்கள் எதிரே புல்சரிவில்தான் உட்காருகிறார்கள்.

மேடைக்குப் பின்னால் கெட்டியான சுவர் கிடைத்தால் விடாதீர்கள். சுவர் இல்லாவிட்டால் அடர்ந்த வேலிச்செடியாவது இருக்கட்டும். ஒலிக்கு உதவாவிட்டாலும் காற்றைத் தடுக்கும். மேடையும் பார்வையாளர்களும் வடக்கு தெற்காக எதிரெதிரே அமைவது நல்லது. கிழக்கு மேற்காகப் போட்டால் சாயங்கால வெயில் யாராவது ஒரு தரப்பின் கண்ணைக் கூச வைக்கும்.

அப்புறம் ஸ்பீக்கர். நடுத்தர அளவில் இரண்டு போதும். ஸ்டாண்டில் 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, முகப்பை லேசாகச் சாய்த்துப் பின்வரிசையை நோக்கி வையுங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம் கணிசமாகக் குறையும். ஸ்டாண்டின் கால்களில் மணல் மூட்டை கட்டாயம். இடம் நீளவாக்கில்தான் கிடைக்கிறது என்றால் நடுவில் இன்னொரு ஜோடி வைக்கலாம். ஆனால் மேடை ஸ்பீக்கரின் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஈடாக, அதன் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே கொடுக்க வேண்டும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு 50 மில்லி விநாடி தாமதம் கொடுக்காவிட்டால் வசனம் இரட்டையாகக் கேட்கும். சவுண்ட் செட்காரரிடம் டிலே வசதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மைக்குக்குக் காற்றுதான் முதல் எதிரி. எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை போடுங்கள். மிக்சரில் பேச்சு மைக்குகளுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டச் சொல்லுங்கள். காற்றின் ‘புஸ் புஸ்’ சத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால், காற்று அடங்கிய தெளிவான இரவில் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். மதியம் அளவாகத் தோன்றியது இரவில் பக்கத்துத் தெருக்காரர் தூக்கத்தைக் கெடுக்கலாம். முந்தின நாள், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், ஒருவரைப் பூங்காவின் எல்லையில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி வரிசையை வெளிச்சம் தீர்மானிக்கட்டும். ஓவியங்களுக்குப் பிற்பகல். நாடகம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட வேண்டும். அந்தி நேரம் நாடகத்துக்கு ஆகாது: விளக்குப் போட்டாலும் எடுபடாது, போடாவிட்டால் முகபாவம் தெரியாது. இருட்டிய பிறகு இசை. வாத்தியங்களை அதுவரை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் தோல் வாத்தியத்தின் சுருதி ஏறும், கம்பி வாத்தியத்துக்கு இறங்கும். பனி விழுந்தால் தோல் தொய்ந்துவிடும். மேடை ஏறுவதற்குக் கால் மணி முன்பாவது வெளியே எடுத்து வைத்து, அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். விளக்குகள் மஞ்சள் நிறமாக இருந்தால் வெள்ளை விளக்குக்கு வருமளவு பூச்சி வராது.

ஓவியம் பற்றி ஒரே வார்த்தை: நீர்வண்ண அசல்களைத் திறந்த வெளிக்குக் கொண்டுவராதீர்கள், நல்ல அச்சுப் பிரதி வையுங்கள். சாய்வுச் சட்டங்களின் அடியில் கனம் கட்டுங்கள்.

மரத்தில் மட்டும் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள், கம்பி சுற்றாதீர்கள். அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள், கிளை விரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். ஈர மண்ணில் ஒரு சாமான் வண்டி ஏறினாலே மண் இறுகி அந்த வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் போகும். மரம் வாடுவது பல மாதம் கழித்துத்தான் தெரியும். வண்டி பாதையிலேயே நிற்கட்டும், சாமான் கையில் வரட்டும், மேடையும் கிளை விரிப்புக்கு வெளியே இருக்கட்டும்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் புல்தரையில் ஒரு ஒயரைக்கூட விரிக்க விடாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். மரத்தடியும் பந்தலும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கலாம். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முதல் நாளே ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். அவர் மேடை ஏறாதவராக இருக்கட்டும்.