துணி உலர்த்தும் கேஸ் டிரையர் முதல் பத்து நிமிடம் நன்றாகச் சூடாகிறது, பிறகு குளிர்ந்த காற்றுதான் வருகிறது. மறுநாள் மறுபடி சூடாகிறது. என்ன பழுது?

அமெரிக்க வீடுகளில் இருக்கும் கேஸ் டிரையர் இப்படிச் செய்தால் முதல் சந்தேகம் கேஸ் வால்வின் மேல் உட்கார்ந்து, மின்சாரம் பாய்ந்ததும் அதைத் திறக்கும் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) மீதுதான் விழ வேண்டும். நிறையப் பேர் அளவு மீறிச் சூடானால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸை மாற்றச் சொல்வார்கள். அது ஒருமுறை போனால் போனதுதான், மறுநாள் தானாகச் சரியாகாது. சூடு வந்து வந்து போகிறது என்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, அதில் காசைப் போடாதீர்கள்.

காயிலை ஆர்டர் செய்வதற்கு முன் தீ எரியும் பர்னரைக் கண்ணால் பாருங்கள். பல மாடல்களில் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் மேல் விளிம்பில் பட்டி போடும் கத்தியை நுழைத்து கிளிப்பை அழுத்தினால் கையோடு வந்துவிடும். நாலு ஈரத் துண்டைப் போட்டு, டைம்டு டிரை (நேரம் குறித்து ஓட்டும் முறை), ஹை ஹீட்டில் ஓடவிடுங்கள். ஆட்டோவில் வைத்தால் ஈரம் பார்க்கும் சென்சார் நடுவில் புகுந்து குழப்பும். உள்ளே பெல்ட்டும் மின்சாரமும் இருப்பதால் கையை நீட்டாமல், விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் முதலில் தீ மூட்டும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்று, வெளிறிய மஞ்சளாகப் பிரகாசிக்கும். ஒரு நிமிடத்துக்குள் 'டக்' என்று வால்வு திறக்கும், இக்னைட்டர் அணையும், நீலத் தீ குப்பென்று பிடிக்கும். சில நிமிடத்தில் காற்று போதுமான சூட்டுக்கு வந்ததும் (பல மாடல்களில் சுமார் 68 டிகிரி செல்சியஸ்) தெர்மோஸ்டாட் தீயை நிறுத்தும். சூடு இறங்கியதும் மறுபடி இக்னைட்டரிலிருந்து தொடங்கும். இந்த நிறுத்தம் பழுது அல்ல.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது, நான்காவது சுற்றை. இக்னைட்டர் கனன்று, 'டக்' சத்தத்தோடு அணைந்து, தீ வராமல் இருட்டாகவே நின்று, சற்று நேரத்தில் மறுபடி கனன்று மறுபடி அணைந்தால் காயில்தான். இக்னைட்டர் நெடுநேரம் கனலவே இல்லை என்றால் அதற்கு வரும் மின்சாரத்தை ஏதோ வெட்டுகிறது. பெரும்பாலும் காற்றுப் பாதை அடைத்து, அதிகச் சூட்டைத் தடுக்கும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். இக்னைட்டர் அணையாமல் கனன்றுகொண்டே இருந்து தீயும் வராவிட்டால், இக்னைட்டரின் சூட்டை உணர்ந்து வால்வைத் திறக்கவிடும் ஃபிளேம் சென்சாரைப் பாருங்கள்.

காயில் ஏன் சூட்டில் மட்டும் ஏமாற்றுகிறது? உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். வருடக்கணக்கில் வெந்து ஆறியதில் எங்கோ ஒரு மெல்லிய விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறி விரிந்ததும் விலகும். ஆறிய காயிலை மல்டிமீட்டரில் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று ஏமாந்துபோவது இதனால்தான். வேர்ல்பூல், கென்மோர் டிரையர்களில் வரும் வழக்கமான வால்வில் மூன்று முனைக் காயிலின் 1, 2க்கு நடுவே சுமார் 1365 ஓம், 1, 3க்கு நடுவே சுமார் 560 ஓம், இரண்டு முனைக் காயிலில் சுமார் 1220 ஓம் காட்டும். மீட்டரை வைத்தபடியே தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடுபடுத்துங்கள். 40 டிகிரி ஏறினால் செம்பின் மின்தடை ஆறில் ஒரு பங்கு கூடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எண் தடதடவென்று குதித்தாலோ அளவே காட்டாமல் போனாலோ காயில் செத்துவிட்டது. மீட்டர் இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்த அறிகுறியே போதும்.

இரண்டு காயில்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றதும் அதே சூட்டில் அத்தனை வருடம் இருந்ததுதான். செட்டாகவே விற்கிறார்கள், மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, டிரையருக்கு வரும் கேஸ் குழாயில் உள்ள வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடுங்கள். காயில்களை அழுத்திப் பிடித்திருக்கும் பட்டையில் இரண்டு ஸ்குரூ. அதைக் கழற்றி, வயரை உருவி, காயிலை மேலே தூக்கினால் வந்துவிடும். கேஸ் குழாயின் எந்த மூட்டையும் தொட வேண்டியதில்லை. இடம் நெருக்கமாக இருந்தால் இக்னைட்டர் மேல் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாக்பீஸ் மாதிரி முறிந்துவிடும். எந்தக் கட்டத்திலும் கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே போய் கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

காயில்தான் காரணம் என்றாலும் காற்றை வெளியே தள்ளும் வென்ட் குழாயை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிரையர் ஓடும்போது வெளிச்சுவருக்குப் போய்ப் பாருங்கள். குழாய் முனையில் உள்ள மூடி முழுக்கத் திறந்து, காற்று கையில் பலமாக அடிக்க வேண்டும். மூடி பாதிதான் தூக்குகிறது என்றால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறது. 4 அங்குல உலோகக் குழாய், மொத்த நீளம் 35 அடிக்குள், ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் அதில் 5 அடி கழிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமான கட்டட விதி. பிளாஸ்டிக் குழாயோ ஃபாயில் குழாயோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அதில் பஞ்சு எளிதில் தேங்கித் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். கேஸ் டிரையரின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. வென்ட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

எலெக்ட்ரிக் டிரையராக இருந்தால் காயில், இக்னைட்டர் கதையே கிடையாது. அங்கே ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கு 120. 240 வோல்ட்டைத் தரும் இரண்டு லைன்களில் மோட்டாருக்குப் போகாத லைன் தளர்ந்தால் டிரம் சுற்றும், சூடு வராது. வென்ட்டைப் பார்த்த பிறகு, பின்பக்கம் வயர் சேரும் டெர்மினல் பிளாக் கருகியிருக்கிறதா என்று பிரேக்கரை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

புதுக் காயிலைப் போட்டதும் ஈரத் துண்டுகளோடு நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். இக்னைட்டர் அணையும் ஒவ்வொரு முறையும் தீ பிடிக்க வேண்டும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் நிறுத்திவிட்டு கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.