காண்டாமிருக வண்டா, சிவப்புக் கூன்வண்டா: தென்னைக்கு எது பெரிய எதிரி?

கொம்பு வைத்த வண்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, கூன்வண்டும் அந்த அளவுக்கு மோசமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது கூன்வண்டுக்குத்தான்.

காண்டாமிருக வண்டு கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். இதில் மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு. ராத்திரியில் பறந்து வந்து விரியாத குருத்தைத் துளைக்கும். பிற்பாடு அந்த ஓலை விரியும்போது முக்கோண முக்கோணமாக வெட்டி விட்ட மாதிரி தெரியும். இளங்கன்று என்றால் செத்தே போகலாம். வளர்ந்த மரம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், காய்ப்பு குறையும். புழு பச்சை மரத்துப் பக்கமே வராது, எருக்குழியிலும் மக்கிய தென்னந்தடியிலும் கிடக்கும். 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சமோவாவுக்குப் போய், பசிபிக் தீவுகளின் தென்னையை ஒரு வழி செய்ததும் இதே வண்டுதான்.

கூன்வண்டு அப்படியே தலைகீழ். செம்பழுப்பு நிறம், முன்னால் நீண்ட மூக்கு, பார்த்தால் சாது. மரத்தில் காயம் பட்ட இடமாகத் தேடி முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே நாரைச் சுற்றிக் கூடு கட்டி, வண்டாகி வெளியே வரும். தண்டில் ஓட்டை, அதில் பழுப்பாக வடியும் சாறு, மென்று துப்பிய நார் எல்லாம் கண்ணில் படும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். தண்டில் காதை வைத்தால் சில சமயம் புழு கொறிக்கும் சத்தமே கேட்கும். தென்னைக்குக் கிளை கிடையாது, நுனிக் குருத்து போனால் மரமே போச்சு.

புழுவில் சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். எருக்குழிப் புழு வளைந்து சுருண்டு கிடக்கும், மார்புப் பக்கம் மூன்று ஜோடிக் கால் இருக்கும். கூன்வண்டுப் புழுவுக்குக் காலே இல்லை.

இன்னொரு சிக்கல், கொம்பு வண்டு போடும் ஓட்டைதான் கூன்வண்டுக்கு வாசல். அதனால் எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், புழுவைத் தாக்கிக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை அதில் கலந்து விடுங்கள். குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு சேர்த்துப் போடலாம். பச்சை மட்டை வெட்ட வேண்டி வந்தால் தண்டை ஒட்டி வெட்டாமல் நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். மரம் ஏறுபவர் ஒட்டி வெட்டத்தான் பார்ப்பார், கீழே நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.