பத்து முறை எழுதினாலும் ஸ்பானிஷ் சொல் ஏன் தங்குவதில்லை?

வாசகர் கேள்விகள்: ஸ்பானிஷ் ஆசிரியை பதில்

தினமும் 20 ஸ்பானிஷ் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நோட்டில் பத்து முறை எழுதுகிறேன். எழுதும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் நோட்டை மூடிவிட்டு யோசித்தால் நாலு சொல்கூட வருவதில்லை. எனக்கு ஞாபக சக்தி போதவில்லையா? (ஒரு வாசகி)

உங்கள் ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை. இம்போசிஷன் எழுதுவதில்தான் கோளாறு. சாவிக்கு ஸ்பானிஷில் 'யாவே'. முதல் தடவை கவனமாக எழுதுவீர்கள். இரண்டாவது தடவை மேல் வரியைப் பார்த்து எழுதுவீர்கள். ஐந்தாவது தடவை கை பாட்டுக்கு எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். பத்தும் எழுதி முடித்த பிறகு கணக்குப் பாருங்கள்: 'சாவிக்கு என்ன சொல்?' என்று மனசைத் துழாவியது ஒரு தடவைகூட இல்லை. பேசும்போது வேண்டியது அந்தத் துழாவல் ஒன்றுதான். அதற்கு நீங்கள் பயிற்சியே எடுக்கவில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2008-ல் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகு, சிலருக்கு அதைப் படிக்க மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். வேறு சிலரிடம் அதையே திரும்பத் திரும்பக் கேள்வியாகக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நினைவிருந்தது. கேள்வி கேட்கப்பட்டவர்கள் 80 சதவீதம் சொன்னார்கள். திரும்பப் படிப்பது வேறு, திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவது வேறு என்று நான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது விஷயம் இடைவெளி. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு, அவற்றை மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று தானே அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்தபோது பாதி உழைப்புகூட மிச்சமாகவில்லை. ஒரு நாளில் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. ஆனால் ஒரு மாதம் போன பிறகும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. ஆக, மறதி முதல் நாளில்தான் வேகமாக வேலை செய்கிறது. முதல் நாளில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டால் போதும். மொழிப்பாட ஒலிநாடாக்களுக்குப் பேர்போன பால் பிம்ஸ்லர் 1967-ல் ஒரு கால அட்டவணையே போட்டார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம்.

யாரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஸ்பானிஷ். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல் வராவிட்டால் உடனே கையை எடுக்காதீர்கள். நாக்கு நுனியில் நின்று தவிக்கட்டும், மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அப்புறம் பாருங்கள். காலையில் படித்ததைத் தூங்கப் போகும் முன் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, அந்த வாரக் கடைசியில், பிறகு மாதக் கடைசியில். சொல்லுக்கு ஒரு முறை எழுதினால் போதும், மிச்சம் ஒன்பது முறை எழுதும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். கலர் கலராகப் பேனா வாங்கி அடிக்கோடு போடுபவர்களுக்கும் இதே பதில்தான்.

எந்தச் சொற்களில் தொடங்குவது? என்னிடம் இருக்கும் பட்டியல் நிறங்கள், மிருகங்கள், உடல் உறுப்புகள், கிழமைகள் என்று தலைப்பு வாரியாகப் போகிறது.

சிங்கத்துக்கும் ஒட்டகத்துக்கும் ஸ்பானிஷ் தெரிந்துகொண்டு யாரிடம் பேசப் போகிறீர்கள்? குழந்தைகள் படப்புத்தகத்தின் வரிசை அது. பெரியவர்களுக்கு முதலில் வேண்டியது வினைச்சொற்கள். அதிலும் தன்மையில், 'நான்' பேசும் வடிவத்தில்: கியேரோ (வேண்டும்), தெங்கோ (என்னிடம் இருக்கிறது), புவேதோ (என்னால் முடியும்), நெசெசீத்தோ (தேவை), போய் (போகிறேன்). இவற்றின் பின்னால் எந்த வினையையும் ஒட்டலாம், தெங்கோவுக்கு மட்டும் நடுவில் 'கே', போய்க்கு நடுவில் 'ஆ' வேண்டும். கோமேர் என்றால் சாப்பிட. கியேரோ கோமேர், சாப்பிட வேண்டும். புவேதோ கோமேர், சாப்பிட முடியும். தெங்கோ கே கோமேர், சாப்பிட்டாக வேண்டும். போய் ஆ கோமேர், சாப்பிடப் போகிறேன். கோமேர் இருந்த இடத்தில் பகார் (பணம் கட்ட), சலீர் (வெளியே போக), தோர்மீர் (தூங்க) என்று மாற்றிக்கொண்டே போங்கள். நாலு தொடக்கமும் நாலு வினையும் தெரிந்தால் பதினாறு வாக்கியம் கையில்.

கூடவே கேள்விச் சொற்கள்: தோந்தே (எங்கே), குவாந்தோ (எவ்வளவு), கே (என்ன), போர் கே (ஏன்), கியேன் (யார்). அப்புறம் 'ஐ' என்ற ஒரே சின்னச் சொல். 'இருக்கிறது', 'இருக்கின்றன' இரண்டுக்கும் அதுதான். ஐ ஆகுவா? தண்ணீர் இருக்கிறதா? குரலை ஏற்றினால் கேள்வி, இறக்கினால் பதில். இவ்வளவு உழைக்கும் சொல்லைப் பல பட்டியல்கள் எங்கோ நடுவில் ஒளித்து வைத்திருக்கின்றன.

தலைப்பு வாரிப் பட்டியலில் இன்னொரு வில்லங்கம். ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். இஸ்கியேர்தா இடது, தெரேச்சா வலது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் மாதக்கணக்கில் திருப்பத்தில் நின்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் இடது மட்டும் படியுங்கள். அது தயங்காமல் வாயில் வந்த பிறகு வலது. கிழமைகளில் மார்த்தெஸ் (செவ்வாய்), மியேர்கோலெஸ் (புதன்) ஜோடிக்கும் இதே வைத்தியம்.

அட்டையா, செயலியா?

கை எதற்குப் பழகுகிறதோ அது. அட்டைக்கு ஒரு சொல்: ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் அர்த்தம். அட்டை என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் தன் புத்தகத்தில் சொன்ன பெட்டி முறை. ஒரு பெட்டியில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கே வரும். முதல் அறையைத் தினமும் பார்ப்பீர்கள், பின்னால் போகப் போக எப்போதாவது. 2006-ல் வந்த ஆன்கி போன்ற செயலிகள் இதே வேலையை நாள் கணக்கு போட்டுச் செய்கின்றன.

செயலியில் ஒரே ஆபத்து, பேராசை. தினம் 20 புது அட்டை என்று ஆரம்பத்தில் உற்சாகமாக வைப்பார்கள். பழையவை திரும்பி வரத் தொடங்கியதும் சில வாரங்களில் தினமும் நூற்றுக்கும் மேல் நிற்கும். பிறகு செயலியைத் திறக்கவே பயம். ஐந்து வையுங்கள். குறைச்சலாகத் தெரியும், ஆனால் வருடத்துக்கு 1,800 சொல்.

அட்டையின் மறுபக்கம் தமிழா, ஆங்கிலமா? எனக்குக் கிடைக்கும் பாடம் எல்லாம் ஆங்கிலம் வழியாகவே இருக்கிறது.

தமிழ். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. காரணம் மொழிப்பற்று இல்லை, வேலை சுலபம்.

'மே குஸ்தா' என்று ஒரு தொடர். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் 'நான் விரும்புகிறேன்' என்று எடுத்துக்கொண்டு, 'நான்' எங்கே போனது என்று தேடுவார்கள். தமிழில் அது நேராக 'எனக்குப் பிடிக்கும்'. மே என்றால் எனக்கு. மே குஸ்தா எல் மார், எனக்குக் கடல் பிடிக்கும். மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. மே ஃபால்தா தியெம்போ, எனக்கு நேரம் போதவில்லை. ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் தனி அத்தியாயம் ஒதுக்கி விளக்கும் இலக்கணம் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

'வருகிறேன்' என்றால் போதும், 'நான்' வேண்டாம். ஸ்பானிஷும் அப்படித்தான், 'பெங்கோ' என்றால் முடிந்தது. நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: தூ, உஸ்தெத். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அந்த வழியாகப் போகிறவர்கள் பெரியவர்களைப் பார்த்து 'தூ' போட்டுவிட்டு விழிப்பார்கள்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. பசிக்கு 'எனக்குப் பசிக்கிறது' என்ற அமைப்பு அங்கே இல்லை. தெங்கோ ஆம்ப்ரே, பசியைக் கையில் வைத்திருக்கிற மாதிரிச் சொல்வார்கள். வயதும் அப்படியே. அந்த இரண்டையும் முழு வாக்கியமாக அட்டையில் எழுதிப் பழகிவிடுங்கள்.

போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்களும் உதவும். போர்ச்சுகீசியம் ஸ்பானிஷுக்குச் சொந்தத் தங்கை. மேசை, அங்கே மேசா. அலமாரி, ஆர்மாரியோ. துவாலை, தோஆயா. இலங்கைத் தமிழர் சொல்லும் சப்பாத்து, சபாத்தோ. சாவியும் யாவேயும்கூட ஒரே வேர்தான், காதுக்குத்தான் தூரம். ஜன்னலை நம்பி இறங்காதீர்கள், ஸ்பானிஷில் அது பெந்தானா.

எல்லாச் சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் என்கிறார்களே, தனியாக ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம். அட்டையில் 'யாவே' என்று எழுதாமல் 'லா யாவே' என்று எழுதுங்கள், சொல்லும்போதும் அப்படியே சொல்லுங்கள். முன்னால் 'லா' வந்தால் பெண்பால், 'எல்' வந்தால் ஆண்பால். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அடிக்கடி வரும் சொற்களே காலை வாரும்: லா மானோ (கை), எல் தீயா (நாள்), எல் மாபா (வரைபடம்), எல் புரோப்ளேமா. ஒட்டியே படித்தவர்களுக்கு இந்த விதிவிலக்கு எதுவும் உறைக்காது.

கல்லூரியில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்தேன். அது ஆச்சு முப்பது வருடம். மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டுமா?

உங்களுக்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர், பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் படித்த 733 பேரைச் சோதித்து 1984-ல் வெளியிட்டார். அவர்களில் சிலர் படித்து முடித்து 50 வருடம் ஆனவர்கள். முதல் சில வருடங்களில் நிறைய மறந்துபோகிறது. அதைத் தாண்டி நின்றது பல பத்தாண்டுகளுக்கு அசையாமல் கிடக்கிறது என்று கண்டார். ஆரம்பத்தில் எவ்வளவு நன்றாகப் படித்தார்களோ அவ்வளவு மிச்சம்.

அதனால் புதுப் பட்டியல் வாங்கும் முன் பழையதைத் தோண்டிப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் தெரிந்த ஸ்பானிஷ் சொற்களை எல்லாம் எழுதுங்கள். முதல் பக்கம் சீக்கிரம் நின்றுவிடும், மறுநாள் எழுதினால் இன்னும் கொஞ்சம் வரும். அப்படி வந்தவை நேராக மூன்றாவது அறைக்குப் போகட்டும்.

பத்து நாள் செயலியைத் தொடவில்லை. 400 அட்டை நிலுவை. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

அழித்தால் இதுவரை செய்ததும் சேர்ந்து போகும். புது அட்டையை நிறுத்துங்கள். தினம் 50 என்று உச்சவரம்பு வையுங்கள். பாதிக்கு மேல் நினைவிருப்பதைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படலாம். மூன்று தடவை வந்தும் தங்காத சொல்லைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தூக்கிப் போடுங்கள். அவசியமான சொல் என்றால் எங்காவது மறுபடி எதிரில் வந்து நிற்கும்.

பேச்சின் நடுவில் சொல் மறந்து அசடு வழியும்போது, 'எஸ்தோய் எம்பராசாதோ' என்று சொல்லிச் சமாளிக்கலாம் அல்லவா? (ஓர் ஆண் வாசகர்)

சொல்லலாம், எதிரில் இருப்பவர் உங்கள் வயிற்றைப் பார்ப்பார். எம்பராசாதா என்றால் கர்ப்பிணி. வெட்கப்படுவதைச் சொல்லும் 'எம்பாரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலை நம்பிப் போனதால் வந்த வினை. 'மே தா பெர்குவென்சா' என்று சொல்லுங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுபடியும் அதே 'எனக்கு'.

ஆனால் வெட்கத்தை அறிவிப்பதைவிட உதவி கேட்பது மேல். கோமோ சே தீசே, இதை எப்படிச் சொல்வது? கே சிக்னிஃபீகா, என்ன அர்த்தம்? மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இந்த மூன்று அட்டையையும் இன்று ராத்திரியே எழுதி முதல் அறையில் போடுங்கள்.