தந்தை மானின் கொம்பு மகனுக்கும் அப்படியே வருமா?

ஓரளவு வரும், அச்சில் வார்த்ததுபோல் வராது. கொம்பின் அளவும் கிளை பிரியும் விதமும் மரபுவழி வருபவைதான். பலர் மறப்பது தாயை: அவளுக்குக் கொம்பு கிடையாது (மான் குடும்பத்தில் பனிமான் மட்டும் விலக்கு), ஆனாலும் மரபணுவில் பாதி அவளுடையது.

கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, மென்தோல் போர்த்தி மீண்டும் முளைக்கிறது. அந்த ஆண்டின் மேய்ச்சலும் காயமும் அதில் பதிந்துவிடும். பின்னங்காலில் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணுவதுண்டு; அந்தக் கோணல் குட்டிக்குப் போகாது.

ஸ்காட்லாந்தின் ரம் தீவில் சிவப்பு மான்களைத் தலைமுறைகளாகக் கண்காணித்தார்கள். பெரிய கொம்புடையவை அதிகக் குட்டிகளுக்குத் தந்தையாயின. ஆனாலும் கொம்பு தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகவில்லை. நன்றாக மேய்ந்த மானுக்குக் கொம்பும் பெரிது, குட்டிகளும் அதிகம். இரண்டும் சேர்ந்து வருவதற்கு வேர் பெரும்பாலும் தீனிதான்.